படைத்தலைவரின் பிறந்த தேதி



முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் பிறப்புப் பத்திரத்தை நீட்டினார். "சார், இதுல தேதி தப்பா இருக்கு. புள்ள தீபாவளிக்கு முந்தின நாள் பொறந்துச்சு. பள்ளிக்கூட ரெஜிஸ்டர்லயாவது சரியா எழுதிக்கிடுங்க" என்றார். அப்படி எழுத முடியாதம்மா என்றேன். "ஒரு மாச வித்தியாசந்தானே, என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்டார். வரிசை நீண்டிருந்ததால் அன்று விளக்கம் சொல்ல நேரமில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

படை என்றதும் மலாக்காவாசிகளான நமக்குச் சுங்கை ஊடாங்கின் தெரண்டாக் முகாம்தான் கண்முன் வரும். ஆனால் நான் சொல்லப்போகும் வழக்கு இந்தியாவில் நடந்தது. அங்கே தரைப்படையின் தலைமைத் தளபதியே, பதவியில் இருந்தபடி, தம் பிறந்த ஆண்டுக்காக அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். ஜெனரல் வி. கே. சிங் என்பது அவர் பெயர். அதற்கு முன் எந்தத் தளபதியும் அப்படிச் செய்ததில்லை.

படையின் பதவி அமைப்பு கோபுரம் போன்றது. அடியில் கேப்டன்கள் பலர், மேலே போகப்போக இடம் குறைவு, உச்சியில் ஒருவர்தான். ஒவ்வொரு பதவிக்கும் ஓர் ஓய்வு வயது உண்டு. அந்நாளில் கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினண்ட் ஜெனரலுக்கு 60. தலைமைத் தளபதிக்கு 62 வயது அல்லது மூன்றாண்டுப் பணி, இவற்றில் எது முந்துகிறதோ அது. ஆகவே மேலே இருப்பவர் சில மாதம் கூடுதலாக இருந்தாலும், கீழே காத்திருப்பவர் வயது முடிந்து வீட்டுக்குப் போக நேரலாம். ஒருவருடைய பிறந்த தேதி அவர் சொந்த விஷயம் மட்டுமன்று என்பது இங்கேதான் புரிகிறது.

சிங்கின் மெட்ரிகுலேஷன் சான்றிதழில் இருந்த தேதி 10 மே 1951. ஆனால் மாணவராக இருந்தபோது தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர நிரப்பிய விண்ணப்பத்தில் 1950 என்று இருந்தது. நிரப்பும்போது நேர்ந்த பிழை அது என்றார் அவர். (பிள்ளைகளுக்கு எத்தனையோ பாரங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.) பிறகு படைத் தலைமையகத்திலேயே இரண்டு கணக்குகள் நடந்தன. ஆவணங்களைக் காக்கும் அட்ஜுடண்ட் ஜெனரல் கிளையில் 1951. பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி கிளையில் 1950. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் அப்படியே கிடந்தன.

2006-இல் இந்த முரண்பாடு வெளிப்பட்டது. மேல்பதவிகள் வந்த வேளையில், 2008-இலும் 2009-இலும், 1950-ஐ ஏற்பதாக அவர் எழுதிக் கொடுத்தார். 31 மார்ச் 2010-இல் தலைமைத் தளபதியானார். 1950 என்றால் 2012 மே முடிவில் ஓய்வு. 1951 என்றால் 2013 மார்ச் வரை இருக்கலாம். வித்தியாசம் பத்து மாதம். பதவிக்காக அல்ல, மானத்துக்காகவே கேட்கிறேன் என்றார் அவர். அவருடைய முறையீட்டை 30 டிசம்பர் 2011-இல் அரசு தள்ளியது. 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

நீதிபதிகள் லோதா, கோகலே இருவரும் முதலில் அரசைத்தான் கேள்வி கேட்டார்கள். முந்தைய உத்தரவுக்கு ஆலோசனை சொன்ன அதே தலைமை வழக்கறிஞரின் கருத்தை வைத்து, அந்த உத்தரவின்மேல் வந்த முறையீட்டையும் தள்ளுவது முறையா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஒருவருடைய குறையைக் கேட்பவர் புதிய காதோடு கேட்க வேண்டாமா? 10 பிப்ரவரி 2012-இல் அரசு அந்த டிசம்பர் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதனால் தளபதி வென்றுவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை என்ற நீதிமன்றம், பணி ஆவணத்தில் 1950-ஐ அரசு ஏற்றதில் தலையிட மறுத்தது. அவர் உண்மையில் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதை அது ஆராயவே இல்லை. வழக்கை அவர் மீட்டுக்கொண்டார். 31 மே 2012-இல் ஓய்வு பெற்றார். ஜெனரல் பிக்ரம் சிங் அடுத்த தளபதியானார்.

இது கடுமையான முடிவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1993-இல் ஹர்நாம் சிங் வழக்கிலேயே அந்நீதிமன்றம் இந்தப் பாதையைக் காட்டியிருந்தது. மத்திய அரசு ஊழியர் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதானால், பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது கேட்டால் அது பின்னால் நிற்பவர்களைப் பாதிக்கும். 

அந்தத் தாய் மறுவாரமும் வந்தார். மருத்துவமனைக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு பதிவுத் துறை அலுவலகத்துக்கு உடனே போகும்படி சொல்லி அனுப்பினேன். பிள்ளைக்கு அப்போது ஏழு வயதுதான்.