பச்சைத் தேநீர்

சோகையால் வெளுத்திருந்த என் மாணவி ஒருத்தி, "ஐயா, பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை வாங்கி உண்ணலாமா?" என்று கேட்டாள். 'ஆன்டி ஆக்ஸிடென்ட்' நிறைந்தது என்று புட்டியின்மேல் அச்சிட்டிருந்ததாம். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வாழைப்பூவை நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போட்டுவைப்பார் என் தாயார், இல்லையேல் கறுத்துவிடும். பூவிலுள்ள ஓர் என்ஸைம், காற்றின் பிராணவாயுவைக் கொண்டு செய்யும் மாற்றம் அது. மோரின் புளிப்பு அதனைத் தடுக்கிறது. தேயிலையிலும் இதுவே நிகழ்கிறது. பச்சைத் தேயிலை தனிச்செடியில் விளைவதன்று, செடி ஒன்றே. கொழுந்தை வாட்டி உருட்டினால், அதிலுள்ள காட்டெச்சின் என்னும் பொருள்கள் மாறி, இலை செம்பு நிறமடைகிறது. உலர்ந்தபின் கறுப்புத் தேயிலையாகிறது. ஜப்பானியரோ பறித்த கொழுந்தை உடனே ஆவியில் வாட்டுகின்றனர். சீனர் சட்டியில் வறுக்கின்றனர். சூட்டில் என்ஸைம் செயலிழக்க, காட்டெச்சின் பெரும்பாலும் தப்புகிறது. 1929-இல் அதனைப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்னும் ஜப்பானிய அம்மையார். ஊதியமின்றி ஆய்வுக்கூடத்தில் பணி தொடங்கியவர் அவர்!

நம் உடல் உணவை எரிக்குங்கால், எலெக்ட்ரான் குறைந்த சில மூலக்கூறுகள் தோன்றி, அண்டையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. காட்டெச்சின் தன்னிடமுள்ளதை ஈந்து அவற்றின் பசியை ஆற்றுகிறது. சோதனைக் குழாயில் இது தெளிவு. ஆனால் உடல் சோதனைக் குழாயன்று. பருகியதில் சிறுபகுதியே இரத்தத்தைச் சேர்கிறது.

ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 40,530 பேரை 1994 முதல் 11 ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் ஐந்து கோப்பைக்குக் குறையாமல் பருகியோரிடையே இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்புக் குறைவாயிருந்தது. புற்றுநோய் இறப்பில் அத்தகைய வேறுபாடு காணவில்லை. அதிகம் பருகுவோரின் பிற பழக்கங்களும் இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

அவர்கள் பருகியது தேநீர், மாத்திரை அன்று. காட்டெச்சின் வகையுள் முதன்மையான ஒன்றை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக உண்டால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

அம்மாணவிக்கு இன்னொன்றும் சொன்னேன். கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தைத் தேநீர் பற்றிக்கொண்டு, குடல் ஈர்க்கவொட்டாமல் செய்யும். மாத்திரைக்கு வைத்திருந்த பணத்துடன் முதலில் மருத்துவரிடம் போகச் சொன்னேன். தேநீரை, உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகச் சொன்னேன்.