விழுங்க வழிவிடும் வலைக்குழாய்

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முதலில் சோறும் சப்பாத்தியும் நெஞ்சுக்குள் தங்கி நிற்கின்றன. நாளடைவில் கஞ்சியும், பின்னர் தண்ணீரும்கூட இறங்க மறுக்கின்றன. வீட்டார் உண்ணும் வேளையில் நோயாளி எழுந்து அப்பால் சென்றுவிடுகிறார். இத்துன்பத்தைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று ஸ்டென்ட் பொருத்துதல்.

ஸ்டென்ட் என்பது மெல்லிய கம்பிகளால் பின்னிய வலைக்குழாய். பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகத்தால் ஆனது. மயக்கமருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பி அல்லது எக்ஸ்ரே துணையுடன், சுருங்கிய நிலையில் இதனை வாய்வழியாகச் செலுத்துகிறார்கள். அடைப்புள்ள இடத்தில் அது தானே விரிந்து வழியைத் திறக்கிறது. உடலில் கீறல் எதுவும் இல்லை. முழுமையாக விரிய ஓரிரு நாள் ஆகலாம். அந்நாட்களில் நெஞ்சுவலி தோன்றினால் அதற்கு மருந்து உண்டு.

“இதனால் நோய் குணமாகுமா?” என்று பலர் கேட்பர். குணமாகாது. ஸ்டென்ட் வழியைத் திறக்கிறதே அன்றிக் கட்டியை அழிப்பதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையும் விழுங்குதலை எளிதாக்கும். ஆனால் அதன் பயன் மெல்லவே தெரியும். அறுவைச் சிகிச்சையால் நோயை அகற்ற வாய்ப்புள்ளவர்களுக்குப் பொதுவாக ஸ்டென்ட் பொருத்துவதில்லை. எது ஏற்றது என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

திறந்த வழி திறந்தே இருப்பது உண்ணும் முறையைப் பொறுத்தது. முதலில் நீராகாரம், பிறகு மருத்துவர் கூறும்போது, குழைந்த சோறு, ரசத்தில் ஊறிய இட்லி போன்ற மென்மையான உணவு. நிமிர்ந்து அமர்ந்து, சிறு கவளமாக, நன்கு மென்று உண்ண வேண்டும். இடையிடையேயும் உண்டபின்பும் வெதுவெதுப்பான நீர் அருந்தலாம். கெட்டி இறைச்சி, காய்ந்த ரொட்டி, முருங்கைக்காய், நாருள்ள பழங்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். இரைப்பையின் வாயில்வரை ஸ்டென்ட் நீண்டிருந்தால் அமிலம் மேலேறலாம்; தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது நல்லது.

ஸ்டென்ட் இடம் பெயரலாம். உணவோ, வளரும் கட்டியோ அதனை அடைக்கலாம். பெரும்பாலும் இவற்றை மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து சரிசெய்ய இயலும். திடீரென விழுங்க இயலாமை, கடும் நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்தவாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முன்போல் உண்ணும்படி வற்புறுத்தாதீர்கள். அவர் நான்கு கவளமே உண்ணட்டும். அவற்றை உங்களோடு அமர்ந்து உண்ணட்டும்.