கிலோவுக்கு எவ்வளவு?

டேட்டா வேலைக்கு வேண்டிய அடிப்படைத் திறமைகள் மூணாறு எஸ்டேட் குடும்பங்களில் பல தலைமுறைகளாகப் புழங்கி வருகின்றன. அவற்றைத் திறமை என்று அடையாளம் காண்பதுதான் பாக்கி.

2015 அக்டோபரில் கேரளத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் தினக்கூலியை 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்த உடன்பாடு ஏற்பட்டது. 69 ரூபாய் கூடுதல். சதவீதத்தில் சொன்னால் ஏறக்குறைய 30. ஆனால் அதே உடன்பாட்டில் இன்னொரு எண்ணும் மாறியது. ஒரு தொழிலாளி நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. கூலியைக் கிலோவால் வகுத்துப் பார்த்தால் கதை வேறு. முன்பு கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு. பிறகு 12 ரூபாய் 4 காசு. உயர்வு 9 சதவீதம்தான்.

30 என்பதும் சரி, 9 என்பதும் சரி. கையில் வரும் பணத்தைக் கேட்டால் முதல் விடை. உழைப்புக்கு என்ன விலை என்று கேட்டால் இரண்டாவது விடை. கொழுந்து கொழிக்கும் மாதங்களில் 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். வறண்ட மாதங்களில் அது பெரும்பாடு. ஆகவே இரண்டாவது கணக்கும் முழு உண்மையல்ல. எந்தக் கேள்விக்கு எந்த எண் விடை, அந்த எண் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கத் தெரிவதைத்தான் இன்று 'டேட்டா லிட்டரஸி' என்கிறார்கள். தரவு எழுத்தறிவு என்று தமிழில் சொல்லலாம். கம்ப்யூட்டர் அறிவு அதற்குப் பிறகு வருவது.

இந்த எழுத்தறிவு மூணாறுக்குப் புதிதல்ல. அதே 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது ஒரு சதவீதம்: போனஸ். லாபம் குறைந்தது என்றது நிர்வாகம். 20 சதவீதம் வேண்டும் என்றார்கள் பெண்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று முடிவானது. இரண்டையும் கூட்டினால் 20.

8.33 எங்கிருந்து வந்தது? 100ஐ 12ஆல் வகுத்தால் வருவது. அதாவது ஆண்டுச் சம்பளத்தில் ஒரு மாதப் பங்கு. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பிற்காலத் திருத்தத்துக்குப் பின், அதைக் குறைந்தபட்சமாகவும் 20 சதவீதத்தை உச்சவரம்பாகவும் வைத்தது. 'எட்டு புள்ளி மூன்று மூன்று' என்றால் புரியாதவருக்கு 'ஒரு மாதச் சம்பளம்' என்றால் புரிகிறது. இப்படி மாற்றிச் சொல்லத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் தேடும். நாலு பேருக்கு விளங்கும்படி எண்ணைச் சொல்வது டேட்டா வேலையில் பாதி.

மீதிப் பாதியும் தோட்டத்திலேயே இருக்கிறது. முதலாவது, எண் பிறந்த இடத்தை விசாரிப்பது. எடை போடும்போது சாக்கின் எடையைக் கழித்தார்களா? மழையில் நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு பிடித்தார்கள்? தராசு சரியாக நிற்கிறதா? கொழுந்தெடுக்கும் பெண்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய நிறுவனங்களில் 'டேட்டா க்ளீனிங்' என்ற பெயரில் நடப்பதும் இதுதான். வந்து சேர்ந்த எண்ணை அப்படியே நம்பாமல், அளந்தது யார், எதைக் கொண்டு, எப்போது என்று பார்ப்பது.

இரண்டாவது, வழக்கத்துக்கு மாறானதைக் கவனிப்பது. தேயிலை ஃபாக்டரியில் ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலு முதல் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து பிடிக்கும். 100 கிலோ கொழுந்துக்கு 23 கிலோ தூள் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வாரம் 19 கிலோ வந்தால், பதிவேட்டைப் பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். கொழுந்தில் ஈரம் அதிகமா, எடை பிசகா, எழுதியது தவறா என்று தேட வேண்டும்.

மூன்றாவது, அவசரப்பட்டுக் காரணம் சொல்லாதிருப்பது. ஒரு காட்டில் கொழுந்து திடீரென்று பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் உட்கார்ந்து பட்டியல் பார்ப்பவர் தொழிலாளர்களின் சோம்பல் என்று எழுதிவிடலாம். தோட்டத்தில் வளர்ந்தவர் முதலில் கேட்பது, "அந்தக் காட்டில் கவாத்து வெட்டினார்களா?" என்பதாகத்தான் இருக்கும். கவாத்து முடிந்த செடி மறுபடி கொழுந்து தர மாதங்கள் ஆகும். கவாத்து என்ற சொல்லே தெரியாதவர் எத்தனை அழகான வரைபடம் போட்டாலும் அதன் முடிவு தப்பாகவே இருக்கும். துறை அறிவு என்று வேலை விளம்பரங்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

நான்காவது, ஒன்றையே இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொள்வது. மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலையைப் பகுதிகளாகப் பிரித்து, எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாட்களில் எண்ணுகிறார்கள். இல்லையென்றால் காலையில் ஒரு சரிவில் எண்ணிய மந்தையை மாலையில் அடுத்த சரிவில் மீண்டும் எண்ணிவிட நேரும். ஆடுகளுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தன. கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, ஆக 2,668. வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிப்பதற்கும் இதே எச்சரிக்கை உணர்வு வேண்டும்.

இதெல்லாம் வெறும் உத்தியோக விஷயமல்ல. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின, பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. தேயிலைத் தோட்டங்களில் மழையை அளந்து எழுதுவது பழைய வழக்கம். அந்த எண் நோட்டுப் புத்தகத்தில் நின்றுவிடுகிறதா, அல்லது நேரத்தில் பக்கத்து ஊரின் எண்ணோடு சேர்ந்து எச்சரிக்கையாகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயநாட்டில் கல்பற்றாவைச் சேர்ந்த ஹியூம் மையம் 200க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அன்றாட மழையளவைத் திரட்டுகிறது. அளந்து அனுப்புபவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதி சரிவதற்கு முன்தினமே நிலச்சரிவு அபாயத்தை அது சுட்டிக்காட்டியிருந்தது. மழைமானியைப் படித்து எழுதும் வேலை அற்பமானதல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பதிவேட்டிலிருந்து புள்ளியியலுக்குப் போனவர்கள் உலகத்தில் முன்பும் உண்டு. நர்ஸ் என்றே உலகம் அறிந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயங்களைவிட நோயால் அதிகம் இறந்ததை எண்ணி எழுதி, படமாக வரைந்து, அரசாங்கத்துக்குக் காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் திறமை இருக்கிறது என்பதும் வேலை கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. எஸ்டேட் பிள்ளைகளிடம் இல்லாதவற்றையும் பட்டியல் போட்டாக வேண்டும். எக்ஸெல் போன்ற அட்டவணை மென்பொருள், தகவல் தொகுப்பிலிருந்து வேண்டியதை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்., சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வித்தியாசம் போன்ற புள்ளியியல் பாடம், இவற்றையெல்லாம் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம். இவை கற்றால் வருபவை. கற்க வழியும் முன்பைவிட அகலமாகியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் டேட்டா சயன்ஸில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் முயலலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ் அல்லது டிப்ளமோ கிடைக்கும்.

அதற்கு முன் ஒருவர் தன்னைச் சோதித்துக்கொள்ளச் செலவே இல்லாத வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரு வருடச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, மாதம், வேலை நாள், கிலோ, கூலி, பிடித்தம் என்று கட்டம் போட்டு எழுதிப் பார்க்கலாம். எந்த மாதம் அதிகம், ஏன்? மழையாலா, ஆள் குறைவாலா, கவாத்தாலா? விடுபட்ட சீட்டுக்கு உத்தேச எண் போடாமல் காலியாக விட்டோமா? முதலில் நினைத்த காரணம் தவறு என்று எண்கள் காட்டியபோது ஒப்புக்கொண்டோமா? கண்டதை அம்மாவுக்கு ஐந்து வாக்கியத்தில் விளக்க முடிந்ததா? இந்த வேலை அலுப்பாக இல்லாமல், அடுத்த கேள்வி தானாக எழுந்தால் இந்தத் துறை அவருக்கு ஒத்துவரும். பெயர்களை நீக்கிவிட்டு அந்தக் கட்டத்தையும் விளக்கத்தையும் ஒழுங்குபடுத்தினால், வேலைக்கு மனுப் போடும்போது காட்ட ஒரு மாதிரியும் ஆயிற்று.

நேர்முகத் தேர்வில் "முன் அனுபவம் என்ன?" என்று கேட்பார்கள். பெரும்பாலான எஸ்டேட் பிள்ளைகள் "ஒன்றுமில்லை" என்று சொல்லித் தலைகுனிகிறார்கள். 232, 21, 301, 25 என்ற நான்கு எண்களிலிருந்து 9 சதவீதத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கணக்கை எதற்காகப் போட்டார், என்ன தெரிந்தது, எங்கே சந்தேகம் மிஞ்சியது என்று அவர் விளக்கலாம். அதுவே அனுபவம்.