பிறந்த முயல் குட்டிகளைக் காப்பது எப்படி?



வீட்டில் முயல் வளர்க்க நம்மில் பலருக்கு ஆசை உண்டு. ஆனால், குட்டி போட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் போவதால் அவற்றில் பல இறந்துவிடுகின்றன. சில உண்மைகளை அறிந்திருந்தால் அவற்றைக் காப்பாற்றலாம்.

நம் ஊர்த் தோட்டங்களில் ஓடும் காட்டு முயலின் குட்டி, பிறக்கும்போதே உரோமமும் திறந்த கண்களும் உடையது. (அதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.) வீட்டு முயலோ, ஐரோப்பாவில் மண்ணில் வளை தோண்டி வாழும் வேறோர் இனத்தின் வழிவந்தது. அதன் குட்டி உரோமமின்றி, கண் மூடி, காது கேளாமல் பிறக்கிறது. எடை சுமார் 50 கிராம்தான். கண் திறக்க 10 முதல் 12 நாட்கள் ஆகும்.

முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாட்கள். 28ஆம் நாளிலேயே கூண்டுக்குள் ஒரு மரப்பெட்டியை வைத்து உலர்ந்த புல்லைப் பரப்ப வேண்டும். தாய் முயல் தன் மார்பு, வயிற்று உரோமத்தைப் பிடுங்கி அதன்மேல் மெத்தை அமைக்கும். நம் ஊரில் எளிதில் கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்டையும் நூலையும் போடக்கூடாது. நூல் குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கிவிடும்.

தாய் முயல் குட்டிகளின்மேல் படுக்காமல் விலகியே இருப்பதைக் கண்டு, அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பகைவிலங்குகள் கூட்டைக் கண்டுபிடிக்காமல் இருக்க, இயற்கை அதற்குக் கற்றுத்தந்த பாதுகாப்பு அது. பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, நாளுக்கு ஓரிரு முறை மட்டும், சில நிமிடங்களே பாலூட்டும்.

காலையில் கைகளைக் கழுவிக்கொண்டு குட்டிகளைப் பாருங்கள். வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால் பட்டினி. கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வளர்ப்பு முயல் தன்னை வளர்ப்பவரின் வாசனைக்குப் பழகியதே. இறந்த குட்டி இருந்தால் உடனே அகற்றுங்கள்.

குளிர்ந்து கிடக்கும் குட்டியை முதலில் கதகதப்பாக்க வேண்டும். குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. பசும்பாலை வாயில் ஊற்றுவது பெரிய ஆபத்து. அது வயிற்றைக் கெடுக்கும். மூச்சுக்குழலில் புகுந்தால் உயிரையே பறிக்கும்.

எறும்பும் கொடிய பகை. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கூண்டைத் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள்.

குட்டிகள் பால் மறக்கும் நாலைந்து வாரப் பருவத்தில் கழிச்சல் நோய் வரும். காக்சிடியோசிஸ் என்னும் அந்நோயின் கிருமி, எச்சத்தின் வழியே பரவுகிறது. கூண்டை நாள்தோறும் சுத்தம் செய்து, ஈரமின்றி வைப்பதே தடுப்பு. நோய் கண்டால், மனிதருக்குரிய அமாக்சிசிலின் போன்ற மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்துக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

எல்லா உயிர்களையும் உடன்பிறப்பாக நேசித்த அசிசி நகர் புனித பிரான்சிஸை, 1979ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். வாயில்லா உயிரிடம் அன்பு காட்டினால் மட்டும் போதாது. அதன் தேவையை அறிந்துகொள்வதும் நம் கடமையல்லவா?