காய்ச்சல் எத்தனை நாளாக? எங்கே போய்வந்தீர்கள்?

எங்கள் சித்திக்கு ஒரு மார்கழியில் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாள் கஷாயம் குடித்தார். அடுத்த மூன்று நாள் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை. ஏழாம் நாள் ஊசி போட்டுக்கொண்டார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. தலை பிளக்கிற வலியோடு மூச்சு வாங்கலும் சேர்ந்துகொண்டது. ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, அக்குள், தொடையிடுக்கு, காதுமடலின் பின்புறம் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். மார்பின் கீழ் மடிப்பில் பீடி சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. சித்தி அதை முன்பே பார்த்திருந்தார். “ஜாக்கெட் உராஞ்ச புண்ணுன்னு நெனச்சேன். இதையெல்லாமா டாக்டர்கிட்டச் சொல்லுவாங்க?” என்றார்.

அந்தப் பொருக்குதான் நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்தது. அது உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். சரியான மருந்து ஏறிய இரண்டே நாளில் சூடு தணிந்தது.

பெயரில் உண்ணி இருந்தாலும், மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதர், வரப்பு, புல் மண்டிய இடங்களில் வாழும் மிக நுண்ணிய பூச்சி ஒன்று உண்டு. அதன் இளம் பருவத்தில்தான் அது கடிக்கும். கடித்ததே தெரியாது. கடியின் வழியே ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. பெயரின் கடைசியில் இருக்கும் ‘முஷி’ என்பது பூச்சியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் போரிட்ட வீரர்களை வாட்டிய காய்ச்சல்களில் இதுவும் ஒன்று. நம் பக்கத்தில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம் தென்படுகிறது. விறகு பொறுக்கப் போனவர், ஆடு மேய்த்தவர், களை எடுத்தவர், வீட்டின் பின்புறப் புதருக்கு ஒதுங்கியவர் என யாருக்கும் வரலாம்.

கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, நெறிகட்டுதல் என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். கறுப்புப் பொருக்கு எல்லோருக்கும் வராது. வருபவர்களுக்கும் பெரும்பாலும் உடை மறைக்கும் இடத்தில்தான் இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும், ஆஸ்பத்திரிகளில் பரவலாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் இந்தக் கிருமியிடம் எடுபடுவதில்லை. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. எந்தக் கிருமி என்று தெரியாமல் “ஸ்ட்ராங்கா ஒரு ஊசி” கேட்பதால் பயனில்லை என்பதற்கு இந்த நோயைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். பாலைத் தயிராக்குவதும் அதுதான், குடலில் குடியிருந்து நமக்கு உதவுவதும் அதுதான். அவற்றில் ஒரு சிறு பங்குதான் நோய் தருபவை. வைரஸ் வேறு சாதி. சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே முகம்தான். சூடு, தலைவலி, அசதி. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கிருமியும் தன் அடையாளத்தைக் காட்டத் தொடங்குகிறது. “எத்தனை நாளாக? எங்கே போய்வந்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?” என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். அவர் கேட்க மறந்தால் நாமே சொல்ல வேண்டும்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்களா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி, அதன் சிறுநீரோடு வெளியேறும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் பல நாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்போ கீறலோ போதும், அது உள்ளே போய்விடும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். 2008-இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்தச் சந்தேகத்தோடு பதிவானார்கள். வயலில் இறங்குவோருக்கு அங்கே இது பழகிப்போன அச்சம். 2018 கேரள வெள்ளம் வடிந்த கையோடு அங்கும் இது பரவியது. மீட்புப் பணியில் தண்ணீருக்குள் நின்றவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள்.

இந்தக் காய்ச்சலுக்கு இரண்டு அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, கெண்டைக்கால் சதையில் வலி. தொட்டாலே முகம் சுளிக்கும் அளவுக்கு இருக்கும். மற்றொன்று, கண் சிவப்பு. மெட்ராஸ் ஐ போலப் பீளை கட்டாது, வெறும் சிவப்பு மட்டும் இருக்கும். சிலருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டதுபோலத் தோன்றி, மறுபடி திரும்பும். அந்த இரண்டாம் சுற்றில் கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, இருமலில் ரத்தம் வருவது என்று ஆபத்துகள் வரலாம். மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் காமாலை என்று முடிவுகட்டி நாட்டுமருந்துக்குப் போய் நாளைக் கழிப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதைக்கிறது. காமாலை ஒரு நோயல்ல, அது அறிகுறி. எலிக்காய்ச்சலும் அதற்குக் காரணமாகலாம்.

அடுத்து டைபாய்டு. சால்மோனெல்லா டைஃபி என்ற கிருமி, நோயாளியின் மலம் கலந்த தண்ணீர் வழியாகவும், கழுவாத கை தொட்ட உணவு வழியாகவும் வயிற்றுக்குள் போகிறது. ஒன்றிரண்டு வாரம் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு காய்ச்சல் படிப்படியாக ஏறும். இன்று 100, நாளை 101, மறுநாள் 102 என்று மாடிப்படி ஏறுவதுபோல. தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை கூட வரும். வயிற்றுப்போக்குதான் வரும் என்றில்லை, பெரியவர்களில் பலருக்கு மலச்சிக்கல்தான். நாக்கை நீட்டச் சொன்னால் நடுவில் வெள்ளைப்படலமும் ஓரத்தில் சிவப்பும் தெரியும். சூடு ஏறிய அளவுக்கு நாடித்துடிப்பு ஏறாமல் இருப்பதையும் அனுபவமுள்ள மருத்துவர் கவனிப்பார். மருந்தில்லாமல் மூன்றாம் வாரம் வரை இழுத்தால், குடலில் ரத்தம் கசியலாம், குடல் ஓட்டையும் விழலாம். அந்த நாளில் திடீரென வயிறு பலகைபோல் இறுகி வலித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

“எனக்கு டைபாய்டு பாசிட்டிவ்” என்று பலர் காட்டும் சீட்டு வைடால் பரிசோதனையுடையது. 1896-இல் வந்த பழைய முறை அது. கிருமியைத் தேடாது, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும். முன்னொரு காலத்தில் டைபாய்டு வந்திருந்தாலோ தடுப்பூசி போட்டிருந்தாலோ, இன்று வந்திருப்பது வேறு காய்ச்சலானாலும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும். உண்மையான டைபாய்டில் முதல் வாரத்தில் ஒன்றும் காட்டாமலும் போகும். ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் நம்பகமானது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதையும் அது சொல்லிவிடும். ஆனால் ரத்தம் எடுக்கும் முன்பே மெடிக்கலில் வாங்கி இரண்டு ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால், கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். நோய் உள்ளே இருக்கும், சீட்டில் இல்லை என்று வரும்.

நோய் தீர்ந்த பிறகும் சிலருடைய பித்தப்பையில் இந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அமெரிக்காவில் சமையல் வேலை செய்த மேரி மாலன் அப்படிப்பட்டவர். அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்ததை வைத்து 1907-இல் அவரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதியின் பேரில் விட்டார்கள். 1915-இல் மறுபடி ஒரு மருத்துவமனைச் சமையலறையில் அகப்பட்டார். 1938-இல் இறக்கும்வரை அவருக்கு விடுதலை இல்லை. ஒரு நாளும் காய்ச்சலில் படுத்ததாக நினைவில்லாத அந்தப் பெண்ணுக்குத் தன்னிடம் நோய் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு பிழைப்புக்கு வழி காட்டாமல் சமைக்காதே என்று மட்டும் சொன்னால் ஒரு ஏழைப் பெண் என்ன செய்வாள்?

காய்ச்சலே இல்லாமல் ஆளைச் சாய்ப்பது காலரா. வாந்திபேதி என்று ஊர்களைக் காலி செய்த அதே நோய். அரிசி களைந்த தண்ணீர்போல மலம் குடம் குடமாகப் போகும். கண் குழியும், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். கொல்வது நீரிழப்புதான் என்பதால், நீரைத் திருப்பிக் கொடுப்பதே முதல் மருந்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

காசநோய்க்கு அவசரமே கிடையாது. அதுதான் அதன் தந்திரம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், சாயங்காலம் லேசாக எட்டிப்பார்க்கும் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் குறையும் எடை. நுரையீரலோடு நிற்காது. கழுத்தில் கண்டமாலையாகக் கட்டும், முதுகெலும்பை அரிக்கும். நகமும் முடியும் தவிர எங்கும் வரும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. காற்றும் ஓய்வும் சத்துணவும் உள்ள சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. நெருக்கடியான வீடுகளில் போதிய உணவில்லாமல் இருந்த ஏழை நோயாளிகளும், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமாகிறார்கள் என்று அது காட்டியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறைக்கு அந்த ஆய்வு பெரிய பலமாக அமைந்தது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இன்று பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், பலர் நிறுத்துவதும் அப்போதுதான். மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகும் வழிகளில் அது ஒன்று.

குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் வந்தால் நெஞ்சைத் திறந்துவைத்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்தால், கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இளநீரும் மோரும் மட்டும் போதாது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி மூன்றும் பாக்டீரியா நோய்கள்தான். மூன்றுக்கும் தடுப்பூசி அட்டையில் இடம் இருக்கிறது.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, காலை மாலை எவ்வளவு சூடு, கடந்த மூன்று வாரத்தில் வயல், புதர், வெள்ளம், வெளியூர், கல்யாணச் சாப்பாடு என்று எங்கெல்லாம் போனீர்கள், இதுவரை விழுங்கிய மாத்திரையின் பெயர் என்ன. பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப்போகலாம். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, ரத்தக் கசிவு, கழுத்தை வளைக்க முடியாத தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். கிளம்பும் முன் உடம்பின் இடுக்குகளைக் கண்ணாடி வைத்தாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். கறுப்பாக ஏதாவது இருந்தால் சொல்லக் கூசாதீர்கள். பெண் மருத்துவரோ நர்ஸம்மாவோ வந்து பார்க்கட்டும் என்று கேட்கலாம்.