நாக்கில் வைத்துப் பார்த்தால் போதுமா?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பஞ்சமில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற பெயரிலேயே அறியப்படுகின்றன. இங்கே வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கும் ஒருவருக்கு, செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயே இருக்க வெளியூர்த் தேங்காய் எண்ணெய் எதற்கு என்று தோன்றத்தான் செய்யும். அதிலும் சோப்பு வரும். ஆனால் கட்டி மெத்தென்று இருக்கும், நுரை மந்தமாக வரும். சில மாதங்களில் மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து சிக்கு வாடை அடிக்கலாம். அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்த சோப்பென்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் கதை வேறு.

வீட்டுச் சோப்பு கடைக்கு வந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி.சித்தன் 1969இல் குடும்பத்தாரோடு வீட்டிலேயே செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் மெடிமிக்ஸ் ஆனது. அந்த அளவு வளர எல்லோராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் பத்துக் கட்டி விற்பவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: இன்று வார்த்ததும் அடுத்த மாதம் வார்ப்பதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இதைக் கைப்பழக்கம் மட்டும் தந்துவிடாது, தராசுதான் தரும்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்துதான் சோப்பும் கிளிசரினும் பிறக்கின்றன. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம், மல்லாட்டை எண்ணெய்க்கு 136, பாமாயிலுக்கு 142. இந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவீட்டை 1879இல் கொண்டுவந்தவர் கோட்ஸ்டார்ஃபர் என்ற வேதியியலாளர். அவர் சோப்புக்காக மெனக்கெடவில்லை. வெண்ணெயில் வேறு கொழுப்பைக் கலந்து விற்பவர்களைப் பிடிப்பதற்காக அதை உருவாக்கினார்.

கலப்படம் இன்றைக்கும் இந்தக் கணக்கின் காலை வாரிவிடும். தேங்காய் எண்ணெய் என்று நம்பி ஒரு கிலோ வாங்குகிறீர்கள். கொஞ்சம் எண்ணெய் மிச்சப்படட்டும் என்று, முழு அளவில் ஐந்து சதவீதம் குறைத்து 174 கிராம் காஸ்டிக் போடுகிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த எண்ணெயில் 300 கிராம் பாமாயிலாக இருந்தால் மொத்தத்துக்கும் தேவைப்படுவது 171 கிராமுக்குள்தான். மிச்சப்பட வேண்டிய எண்ணெய்க்குப் பதில் மூன்று கிராம் காஸ்டிக் மிச்சப்பட்டு நிற்கிறது. காய்ந்த சோப்பு 1,300 கிராம் என்று வைத்துக்கொண்டால் அது கால் சதவீதத்தை நெருங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குளியல் சோப்புக்கு அனுமதிப்பதோ 0.05 சதவீதம். காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காஸ்டிக்கில் ஒரு பகுதியைச் சலவைச் சோடாவாக மாற்றிவிடும், உண்மை. ஆனால் கட்டியின் நடுப்பகுதிக்கு அது எளிதில் எட்டாது. குழந்தையின் கன்னத்தில் தேய்க்கப் போகிற பொருள் இது. மறுபக்கத் தவறும் உண்டு. மூடி சரியாக மூடாத டப்பாவில் காஸ்டிக் ஈரம் குடித்திருந்தால், எடை சரியாக இருந்தும் வீரியம் குறைந்திருக்கும். சோப்பு பிசுபிசுக்கும், சீக்கிரம் சிக்கு பிடிக்கும்.

மிச்சக் காஸ்டிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டியை நாக்கில் தொட்டுப் பார்த்து, சுரீரென்று இழுத்தால் காஸ்டிக் நிற்கிறது என்பது பலர் கையாளும் சோதனை. பெருந்தவறை அது காட்டிக்கொடுக்கும்; சிறு தவறு தப்பிவிடும். அடுத்தபடியாக பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பார்கள். நல்ல சோப்பும் தண்ணீரில் கரைந்தால் 9, 10 என்றுதான் காட்டும். சோப்பின் இயல்பே காரம். 5.5 என்று அச்சிட்டு வரும் கட்டிகள் பெரும்பாலும் சோப்பே அல்ல, செயற்கைச் சலவைப்பொருளால் ஆனவை. ஆகவே தாளில் 10 வந்தால் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் எல்லோரும் சொட்டுவிட்ட பினாப்தலின் இதற்கு உதவும், ஆனால் தண்ணீரில் அல்ல. சோப்பைச் சுத்தமான எத்தனாலில் கரைத்துச் சொட்டுவிட வேண்டும். ஆல்கஹாலில் சோப்பு தன் காரத்தைக் காட்டாது. அங்கே இளஞ்சிவப்பு வந்தால் அது மிச்சக் காஸ்டிக்கின் வேலைதான். வேதியியல் ஆய்வகம் உள்ள எந்தக் கல்லூரியிலும் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம்.

வார்த்த சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் ஆறவைப்பது காஸ்டிக் அடங்குவதற்காக என்றே பலரும் எண்ணுகிறார்கள். அளவு சரியாக இருந்தால் அது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். பிறகு நடப்பது, தண்ணீர் வெளியேறிக் கட்டி இறுகுவது. அட்டைப்பெட்டியில் டி.எஃப்.எம். என்று போடும் மொத்தக் கொழுப்பின் அளவும் அதனால்தான் ஏறுகிறது. மேலே சொன்ன ஒரு கிலோ எண்ணெய்க்கு 330 கிராம் தண்ணீர் விட்டிருந்தால் புதுச் சோப்பில் அது ஏறத்தாழ 63 சதவீதம். காய்ந்து 1,300 கிராமானால் 72. முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 என்பது விதி. பச்சையாக மூன்றாம் தரத்தில் இருந்த கட்டி, பரணில் காத்திருந்தே இரண்டாம் தரத்துக்கு வந்துவிட்டது. பெரிய ஆலைகள் கிளிசரினைப் பிரித்தெடுத்துவிடுகின்றன. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே இருக்கிறது. அதனால் இரண்டாம் தரம் என்பதற்காக வீட்டுச் சோப்புக்காரர் தலைகுனிய வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஆனால் அதே கிளிசரின்தான் கடலூர் மாவட்டத்து மழைக்காலத்தில் தொல்லை கொடுக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து, கட்டியின் மேல் முத்து முத்தாக வியர்க்கவைக்கும். பார்க்கக் கெட்டுப்போனதுபோல் இருக்கும், உண்மையில் கெடவில்லை. ஆரஞ்சுப் புள்ளிதான் உண்மையான கெடுதி. மல்லாட்டை எண்ணெயில் கால் பங்குக்கு மேல் இருக்கக்கூடிய லினோலிக் அமிலம் காற்றோடு சேர்ந்து சிதைகிறது. தண்ணீரில் இரும்பு இருந்தாலோ தாமிரப் பாத்திரம் பட்டாலோ இன்னும் வேகமாக. தேங்காய் எண்ணெயில் அந்த அமிலம் மிகக் குறைவு. அதற்காக ஊர் எண்ணெயைத் தள்ளிவைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயை முதன்மையாக வைத்து மல்லாட்டையைச் சிறு பங்காகச் சேர்த்தால் சருமத்துக்கு இதமான கட்டி கிடைக்கும். காஸ்டிக்கை இரண்டுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். போர் தண்ணீரின் கால்சியம் சோப்பில் ஒரு பகுதியை நுரை தராத கசடாக்கிவிடும்.

சட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது, ஆனால் வந்தே தீரும். அழகுசாதனப் பொருள் என்ற வரையறையிலிருந்து சோப்பை விலக்கிவைத்த சொற்களை 1982இல் நாடாளுமன்றம் நீக்கியது. அதனால் குளியல் சோப்பு செய்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. 2020இல் வந்த விதிகளும் அப்படியே சொல்கின்றன. உறையில் முகவரி, எடை, தொகுதி எண், எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். படை, சொறி குணமாகும் என்று ஒரு வரி சேர்த்தால் அது மருந்துக்குரிய விதிகளுக்குள் போய்விடும்.

கெடு தேதியை ஊகித்து எழுத முடியாது. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு கட்டியை எண் போட்டு எடுத்துவைத்து, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைக் குளியலறைச் சன்னலிலும் விட்டுவிடலாம். ஆவணியில் வார்த்தது ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி மாசி மாதம் புள்ளியில்லாமல் நின்றால், உறையில் ஆறு மாதம் என்று போடத் தொடங்கலாம்.