பழைய ஜீப்பில் பிரேக் பூஸ்டர்: கோளாறு கண்டறியும் முறை

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் வண்டிகளிலும், ஏற்காடு, கொடைக்கானல் தோட்டங்களில் மூட்டை சுமக்கும் வண்டிகளிலும் பழைய ஜீப்புகள் பல உண்டு. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் விலீஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்திற்கும் டிரம் பிரேக்தான். கால் பலம் முழுவதும் பெடலில் விழுந்தால்தான் வண்டி நிற்கும். மாஸ்டர் சிலிண்டரும் ஒரே அறை கொண்டது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

ஆகவேதான் விவசாயிகள் பலர் காயலான் கடையிலோ உதிரிபாகக் கடையிலோ பூஸ்டரும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் வாங்கிப் பட்டறையில் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல மாற்றமே. ஒரு குழாய் போனாலும் மற்ற இரண்டு சக்கரங்களிலாவது பிரேக் மிஞ்சும். ஆனால் மாட்டிய மறுவாரமே "பெடல் கல் மாதிரி இருக்கிறது", "சக்கரம் பிடித்துக்கொள்கிறது" என்று பட்டறைக்குத் திரும்பும் வண்டிகளும் உண்டு. பெரும்பாலும் வாங்கிய சாமான் கெட்டதாக இருப்பதில்லை. பொருத்திய விதத்தில்தான் கோளாறு.

பூஸ்டர் என்பது ஒரு தகர டப்பா. நடுவில் ரப்பர் தடுப்பு. இருபுறமும் காற்று உறிஞ்சப்பட்டு வேக்குவம் இருக்கும். பெடலை மிதித்ததும் பின்புறம் வெளிக்காற்று புகுந்து தடுப்பை முன்னே தள்ளுகிறது. ஒன்பது அங்குல பூஸ்டரில் நல்ல வேக்குவம் இருந்தால் இந்தத் தள்ளுவிசை 250 கிலோவுக்கு மேல் வரும். தள்ளுவது வெளிக்காற்றுதான் என்பதால், காற்று மெலிந்த உயரத்தில் உதவியும் குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கிடைக்கும். மலையில் பெடல் சற்றுக் கனப்பதெல்லாம் கோளாறு அல்ல.

பெடல் கல்போல் இருந்தால்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, பூஸ்டரில் உள்ள வேக்குவத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு பெடலை மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டர் பக்கம் வரும் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது வாயில் கட்டை விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலை இறுகப் பிடித்து இழுக்காவிட்டால் பூஸ்டரைக் குறை சொல்வதில் பயனில்லை, வேக்குவமே வரவில்லை.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சு குழாயிலிருந்தே வேக்குவம் கிடைக்கும். சாதாரண டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் தட்டு இல்லாததால் அங்கே போதிய வேக்குவம் உண்டாவதில்லை. பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றியவர்கள், ஹோஸைப் பழையபடி உறிஞ்சு குழாயில் மாட்டிவிட்டு ஏமாறுகிறார்கள். டீசலுக்குத் தனி வேக்குவம் பம்பு வேண்டும். அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் அமைந்திருக்கும். எஞ்சின் ஆயில் வரும் குழாயும், ஆயில் திரும்பும் குழாயும் அதற்கு அவசியம். ஆயில் வராவிட்டால் உள்ளே உள்ள தகடுகள் தேய்ந்துவிடும். திரும்பும் குழாய் மடங்கினால் ஆயில் பூஸ்டருக்குள் போய் ரப்பரைக் கெடுக்கும்.

பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரிவதை எல்லோரும் அறிவர். ஆல்டர்னேட்டரில் பம்பு உள்ள வண்டியில், இன்னும் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும் என்பதற்கும் அந்த விளக்கே எச்சரிக்கை.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் கூடாது. தண்ணீர்க் குழாயைச் செருகினால், எஞ்சின் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். காலையில் பிரேக் நன்றாக இருந்து, மதியம் கல்லாகிவிடும். வேக்குவத்துக்கென்று விற்கும் கனத்த ஹோஸே வேண்டும். நடுவில் உள்ள ஒருவழி வால்வு திரும்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்து மிதித்தால் முதல் மிதி மென்மையாகவும், அடுத்தடுத்தவை கடினமாகவும் இருப்பதே சரி. முதல் மிதியே கடினமென்றால் வால்வோ, இணைப்போ, பூஸ்டரோ ஒழுகுகிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் கால் வலித்தால் மாஸ்டர் சிலிண்டரின் துளையை அளக்க வேண்டும். முக்கால் அங்குலத் துளைக்குப் பதில் ஒரு அங்குலத் துளை மாட்டினால், அதே மிதிக்கு ஆயிலில் உண்டாகும் அழுத்தம் பாதிக்குச் சற்று மேல்தான். பெரியது வாங்கினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு; பெடல் இறங்கும் தூரம் குறையும், அவ்வளவே.

சக்கரம் பிடித்துக்கொண்டால்

கிளம்பும்போது வண்டி நன்றாக ஓடும். சில கிலோமீட்டர் போனதும் பாரம் ஏற்றியதுபோல் இழுக்கும். டிரம்மில் கை வைக்க முடியாது. பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி நீளமாக இருப்பதே பெரும்பாலும் காரணம். பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். சூட்டில் ஆயில் விரியும். போக வழியில்லாமல் பிரேக் ஷூவைத் தள்ளும். அதனால் சூடு இன்னும் ஏறும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிடித்த நிலையிலேயே சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே இழுக்க வேண்டும். சக்கரம் விடுபட்டால் கம்பிதான் குற்றவாளி. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து இருந்தால் போதும். சந்து அதிகமானால் பெடல் வீணாக இறங்கும். நட்டைத் தளர்த்தியும் விடாமல், சிலிண்டரில் குழாயைத் தளர்த்தினால் விடுபடுகிறது என்றால், சிலிண்டருக்குள்ளேயே கோளாறு. அதற்கும் விடாவிட்டால் அந்தச் சக்கரத்தின் ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், ஷூ ஸ்பிரிங், கைப்பிரேக் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பெடல் தரை தட்டினால்

உடனே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டாம். பழைய ஜீப்பில் ஷூ தானாக நெருங்குவதில்லை. முதலில் நான்கு சக்கரத்திலும் ஷூவை நெருக்கி வைக்க வேண்டும். இதற்கே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். பிறகும் பஞ்சுபோல் இருந்தால் ஏர் எடுக்க வேண்டும். சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள பின்சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையென்றால் சிலிண்டரின் உள் வாஷர் போயிற்று. சொட்டு எதுவும் தெரியாமலே தொட்டியில் ஆயில் குறைந்தால், பின்வாஷர் வழியாகப் பூஸ்டருக்குள் போகிறது என்று அறியலாம்.

இரண்டாம் மிதியில்தான் பிரேக் பிடிக்கிறது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம் பிரேக் குழாயில் சிறிதளவு அழுத்தம் எப்போதும் தங்கியிருக்க, பல வண்டிகளில் ஒரு சிறு வால்வு இருக்கும். டிஸ்க் பிரேக் காருக்குரிய சிலிண்டரில் அது இராது. டிரம்முக்குரிய சிலிண்டரை டிஸ்க்குக்கு மாட்டினாலோ, டிஸ்க் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

ரப்பர் வாஷர்களை டீசலிலோ, பெட்ரோலிலோ, மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, அவை ஊதிப்போகும். எஞ்சின் ஆயிலைத் தொட்டியில் ஊற்றினாலும் அதே கதிதான். வண்டிக்குக் குறித்த டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும்; ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி அளவுக்கே இறங்கிவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுவது நலம்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பூஸ்டர் இல்லாத காலத்திலேயே அது ஆபத்தான காரியம். பூஸ்டர் மாட்டிய வண்டியில் உயிருக்கே உலை. அணைத்த பின் இரண்டு மூன்று மிதிக்கே உதவி இருக்கும். அடுத்த வளைவில் கால் பலம் மட்டுமே மிஞ்சும். பெரிய துளைச் சிலிண்டராயின் பழைய பிரேக்கைவிடவும் கடினமாக இருக்கும். ஏறிய கியரிலேயே, எஞ்சின் ஓட இறங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பாரமோ ஆட்களோ ஏற்றாமல், களத்திலோ சமதரையிலோ மெதுவாக ஓட்டிப் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னர் சில கிலோமீட்டர் ஓட்டி, நான்கு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், மலையேறுமுன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.